இரத்தலா, உரிமையா? — புகையிலைக் கமக்காரரும் பொதுநிதியும் பற்றிய ஓர் அறவிசாரணை

திருக்குறளின் பொருட்பாலில் உழவு, நல்குரவு, இரவு, இரவச்சம் என்னும் நான்கு அதிகாரங்களும் 104 முதல் 107 வரை அடுத்தடுத்து அமைந்துள்ளன. அதிகாரங்களின் வைப்புமுறை பற்றி உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், பரிமேலழகர் உரைவழி வந்த இவ்வொழுங்கு சிந்தனைக்குரிய ஒரு தொடர்ச்சியைக் காட்டுகின்றது. உழவனின் தலைமை பேசி முடிந்ததும் வறுமை பேசப்படுகின்றது. வறுமையின் பின்னே இரத்தல் வருகின்றது. இரத்தலின் பின்னே இரத்தற்கு அஞ்சும் மானம் வருகின்றது. இரத்தலை ஓரளவு ஏற்கும் அதிகாரமும் அதனை அஞ்சி விலக்கும் அதிகாரமும் அருகருகே நிற்பது முரண்பாடு போலத் தோன்றலாம். ஆயினும், உழைத்து வாழ்பவன் ஒருவன் பிறரிடம் கேட்க நேரும்போது அவன் நெஞ்சில் நிகழும் போராட்டத்தை அறிந்தோர்க்கு அதில் முரண்பாடு தோன்றாது.

அப்போராட்டம் இன்று விண்ணப்பப் படிவத்தின் வடிவில் நிகழ்கின்றது. தலைமுறை தலைமுறையாகப் புகையிலை பயிரிட்ட கமக்காரர் சிலர் ஒன்றுகூடி, அப்பயிரைக் கைவிட்டு வேறு பயிர்களுக்கு மாற விரும்புகின்றனர் எனக் கொள்வோம். அதற்கு நீர்ப்பாசனச் சாதனம் வேண்டும். விதையும் நாற்றும் வேண்டும். விளைபொருளைப் பழுதாகாது வைக்கக் களஞ்சியம் வேண்டும். முதலிரு போகங்களில் நட்டம் நேரின் குடும்பம் பட்டினி கிடவாதிருக்க ஒரு பிடிமானம் வேண்டும். இவற்றுக்காக அரசிடமோ பொது நிதியம் ஒன்றிடமோ மானியம் கோருகின்றனர். இக்கோரிக்கை எத்தகையது? தீங்கு விளைக்கும் பொருளை உற்பத்தி செய்து வந்தவர்கள் அதனை நிறுத்துவதற்குக் கூலி கேட்கின்றனரா? அல்லது தமக்கு உரியதைக் கேட்கின்றனரா? இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே கேட்பவர் நிமிர்ந்து நிற்பதும் குனிந்து நிற்பதும் அமையும். ஆதலால் இது நிதி நிருவாகத்துக்கு அப்பால் அறவியலைச் சார்ந்த ஒரு வினாவாகும்.

இலையும் நிச்சயமும்

அறத்தைப் பேசுமுன் பயிரைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் ஒல்லாந்தர் காலத்திலேயே புகையிலை முக்கிய காசுப்பயிராக இருந்தது. திருவிதாங்கூருக்குக் கப்பலேறிச் சென்ற யாழ்ப்பாணப் புகையிலை மலையாள நாட்டு வெற்றிலைப் பெட்டிகளிலே தனியிடம் பெற்றிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வணிகம் நலிவுற்றபோது, அதனைக் காக்கும் நோக்குடன் யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. ஆறுகள் அற்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில், கிணற்று நீரையே நம்பி, துலா மிதித்து இறைத்தும், பட்டி அடைத்தும், குழை தாழ்த்தியும் ஆக்கப்பட்ட பயிர் அது. அப்பயிர் தந்த காசிலே பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றனர், வீடுகள் கல்வீடுகளாயின, கோயில்களின் உபயங்கள் நடைபெற்றன.

கமக்காரர் இப்பயிரை விரும்பியதற்கு அதன் விலை மட்டும் காரணமன்று. சிறிய நிலத்தில் உயர்ந்த வருவாய் தருவதோடு, உலர்த்திப் பதப்படுத்திய இலை எளிதில் அழுகாது. விலை வரும்வரை காத்திருக்கும். தக்காளியும் கத்தரியும் அவ்வாறு காத்திரா. பறித்த அன்றோ மறுநாளோ விற்காவிடில் அவை குப்பைக்கே போகும். விற்பவன் காத்திருக்க முடியாதபோது விலையை வாங்குபவனே தீர்மானிக்கின்றான். எனவே புகையிலையைக் கைவிடு என்று கமக்காரனுக்குக் கூறுவது, காத்திருக்கும் ஆற்றலைக் கைவிடு என்று கூறுவதற்கு ஒப்பாகும். களஞ்சியமும் குளிரறையும் நம்பகமான சந்தையும் இல்லாத இடத்தில் மாற்றுப்பயிர் பற்றிய அறிவுரை வெறும் உபதேசமாக முடிவது இதனாலேயே.

பழக்கத்துக்கு அடிமைப்பட்டே கமக்காரர் புகையிலையை விடாதிருக்கின்றனர் என்ற கூற்றை வரலாறு ஆதரிக்கவில்லை. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, யாழ்ப்பாணக் கமக்காரர் மிளகாயையும் வெங்காயத்தையும் பெருமளவிற் பயிரிட்டுச் செழித்தனர். எந்த அறிவுரையும் மானியமும் செய்யாததை உறுதியான சந்தை செய்துகாட்டியது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்து இறக்குமதிப் பொருள்கள் சந்தையை நிரப்பியபோது அந்நம்பிக்கை சிதைந்தது. அதன்பின் வந்த போர்க்காலமும் இடப்பெயர்வுகளும், நீரிறைக்கும் இயந்திரம் முதல் நிலம் வரை பலவற்றைப் பறித்துக்கொண்டன. இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை யாதெனில், கமக்காரன் பற்றுக்கொண்டிருப்பது நிச்சயத்தின்மீதே என்பதாகும். எப்பயிர் அந்நிச்சயத்தைத் தருகின்றதோ அப்பயிரை நோக்கி அவன் நகர்கின்றான். ஒருமுறை மாறி ஏமாந்தவன் மறுமுறை மாறுவதற்குத் தயங்குவானாயின், அத்தயக்கத்தை மூடத்தனம் என்று கூறுதல் நீதியாகாது.

பொறுப்பு யாருடையது?

இவ்விடத்தில் ஒரு கடினமான உண்மையை மறைக்காது கூறவேண்டும். புகையிலை கொல்லுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதனால் மரணமடைகின்றனர். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகின்றது. ஈரமான புகையிலையைக் கையாளும் தொழிலாளரின் தோல்வழியே நிக்கொட்டின் உட்புகுந்து குமட்டலையும் தலைச்சுற்றையும் உண்டாக்குகின்றது. ஆகவே நுகர்பவனை மட்டுமன்றி விளைவிப்பவனையும் இவ்விலை தாக்குகின்றது. 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வெளிவந்ததன் பின்னர், அறியாமையைக் காரணங்காட்டும் வாய்ப்பு ஆண்டுதோறும் சுருங்கியே வந்துள்ளது. இன்று புகையிலை நடும் எவனும் தான் நடுவது யாதென அறியாதவனல்லன்.

அறிந்து செய்தவன் பொறுப்பாளியாகான் என்று கூறல் இயலாது. எனினும் பொறுப்பின் அளவை நிறுத்துப் பார்க்க வேண்டும். அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறநூலின் மூன்றாம் புத்தகத்தில் ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றார். புயலில் அகப்பட்ட மாலுமி கப்பலிலுள்ள பொருள்களைக் கடலில் எறிகின்றான். அவன் தன் கையாலேயே எறிகின்றான்; ஆதலால் அது அவன் விரும்பிச் செய்த செயலே. ஆயினும் புயல் இல்லாத வேளையில் எவரும் தம் பொருளை அவ்வாறு எறியார். இத்தகைய செயல்களை அவர் கலப்புச் செயல்கள் என்கின்றார். கடனோடு போகத்தைத் தொடங்கி, விற்பனை நிச்சயமான ஒரே பயிரை நடும் சிறு கமக்காரனின் செயலும் இவ்வகையினதே. உலகின் பல நாடுகளில் புகையிலைக் கம்பனிகளே விதையும் உரமும் கடனாகத் தந்து, இலையை வாங்கும்போது அக்கடனைக் கழித்துக்கொள்ளும் ஒப்பந்தமுறை நிலவுகின்றது. அம்முறையுள் நிற்பவனுக்கு விலகும் சுதந்திரம் ஏட்டளவில் உண்டு. கடன் தீராதவரை நடைமுறையில் இல்லை.

ஆயின் இவ்வெடுத்துக்காட்டு கமக்காரனுக்கு முற்றான விடுதலையையும் தந்துவிடாது. புயல் நிலைக்கும்வரைதான் மாலுமியின் செயல் மன்னிக்கப்படும். துறைமுகம் திறந்திருந்தும் அதனுள் நுழையாதவன் புயலைக் காரணங்காட்ட முடியாது. அதாவது, உண்மையான மாற்றுவழி ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கும்போது கமக்காரனின் பொறுப்பு வளர்கின்றது. அது இல்லாதபோது குறைகின்றது. இங்கிருந்து முக்கியமானதொரு முடிபு பிறக்கின்றது. மாற்றுவழியை அமைத்துக் கொடுக்காத சமுதாயம், கமக்காரனை முழுமையாகக் குற்றஞ்சாட்டும் தகுதியையும் இழந்து நிற்கின்றது.

மேலும், இவ்விலையினால் பயன்பெற்றோர் யாவர்? அரசுகள் வரி பெற்றன. கம்பனிகள் இலாபம் பெற்றன. வணிகர் தரகு பெற்றனர். ஐக்கிய அமெரிக்காவில் 1938இலிருந்து 2004வரை அரசே புகையிலை உற்பத்திக்கு அளவுப்பங்கு வகுத்து, விலைக்கு ஆதாரம் கொடுத்து வந்தது. இவ்வாறு நெடுங்காலம் ஊக்குவித்த சமுதாயம் தன் மனத்தை மாற்றிக்கொள்வது நன்றே. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயம் 2005இல் நடைமுறைக்கு வந்தது; இலங்கை அதனை 2003லேயே ஏற்று உறுதிசெய்து, 2006இல் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபையைச் சட்டத்தால் நிறுவியது. ஆனால் மனமாற்றத்துக்கு ஒரு விலையுண்டு. இலாபம் பலருக்கும் பங்கிடப்பட்டிருக்க, மாற்றத்தின் நட்டம் மட்டும் சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிய கமக்காரன் தலையிலே விழுமாயின், அது அறமாகாது. மேற்படி சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை, புகையிலைக் கமக்காரருக்கும் தொழிலாளருக்கும் பொருளாதார வகையிற் பயன்தரும் மாற்று முயற்சிகளை ஊக்குவிக்கும் கடப்பாட்டை அரசுகள்மீது சுமத்தியிருப்பது இக்காரணம் பற்றியே எனலாம்.

கென்ரக்கி தரும் பாடம்

இக்கடப்பாடு நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதற்கு அமெரிக்காவின் புகையிலை மாநிலங்கள் சிறந்த சான்றாகும். 1998இல் 46 மாநிலங்கள் பெரும் சிகரெட் கம்பனிகளோடு ஓர் இணக்க உடன்படிக்கை செய்துகொண்டன. புகைப்பதால் நோயுற்றோருக்கு மாநிலங்கள் செலவிட்ட மருத்துவப் பணத்துக்கு ஈடாக, முதல் 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,600 கோடி டொலர் வழங்கக் கம்பனிகள் இசைந்தன. கென்ரக்கி மாநிலம் தனக்குக் கிடைத்த பங்கிற் பாதியை விவசாய வளர்ச்சிக்கென ஒதுக்க 2000ஆம் ஆண்டில் சட்டமியற்றியது. அந்நிதியைக் கோரி மாவட்டந்தோறும் கமக்காரரும் சங்கங்களும் விண்ணப்பித்தனர். மாவட்ட மட்டத்தில் அமைந்த சபைகள் உள்ளூர்த் தேவைகளை எடைபோட்டன. கால்நடை, காய்கறி, பழம், சந்தைக் கட்டடம் எனப் பல முயற்சிகளுக்கு நிதி சென்றது. 2002இல் அம்மாநிலத்தில் 29,000க்கும் அதிகமான பண்ணைகள் புகையிலை பயிரிட்டன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. இவ்வீழ்ச்சிக்கு மானியம் மட்டுமே காரணமன்று. கேள்வி குறைந்ததும் அரசின் விலையாதாரம் நீங்கியதும் பெருங் காரணங்களாம். ஆயினும் வீழ்ந்தவர்கள் வெறுந்தரையில் விழாதிருக்க அந்நிதி உதவியது.

அதே மாநிலத்தைச் சேர்ந்த எழுத்தாளரும் கமக்காரருமாகிய வென்டல் பெரி, புகையிலையின் தீமையை மறுக்காமலே, அப்பயிரைச் சார்ந்து வாழ்ந்த சிறு பண்ணைச் சமூகத்துக்காக வாதிட்ட கட்டுரையொன்றை 1993இல் வெளிவந்த நூலிற் சேர்த்திருந்தார். தீமையை ஏற்பதும் மனிதரைக் கைவிடாதிருப்பதும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று.

கென்ரக்கியின் ஏற்பாட்டுக்கு எதிராக மூன்று ஆட்சேபங்களை எழுப்பலாம். மூன்றும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கன அல்ல.

முதலாவது, நோயாளியின் பெயரால் வென்ற பணத்தைக் கமக்காரனுக்குக் கொடுக்கலாமா என்பது. அரிஸ்டோட்டில் நீதியை இரு வகையாகப் பிரித்தார்: இழைக்கப்பட்ட தீங்கை ஈடுசெய்யும் திருத்த நீதி ஒன்று, பொதுச்செல்வத்தை உரியவர்க்கு உரியவாறு பகிரும் பங்கீட்டு நீதி மற்றையது. திருத்த நீதியின்படி முதல் உரிமை நோயாளியுடையதே, இதில் ஐயமில்லை. கமக்காரனின் உரிமை வேறு வகையினது. சமுதாயம் தந்த ஊக்கத்தை நம்பித் தன் நிலத்தையும் வாழ்நாளையும் ஒரு பயிரில் முதலிட்டவனது உரிமை அது. இரண்டும் மோதுமிடத்து நோயாளியே முந்தவேண்டும். ஆனால் புகையிலை நிலம் ஒன்று உணவு நிலமாக மாறுவது எதிர்கால நோயாளிக்கும் நன்மையாக முடியக்கூடும். எனவே மானியம் உண்மையாகவே நிலத்தைப் புகையிலையிலிருந்து விடுவிக்கும்போதுதான் அக்கோரிக்கை நியாயமாகும். ஒரு கையால் மானியத்தைப் பெற்று மறுகையால் புகையிலை நடுபவன் நோயாளியின் பங்கைத் திருடுகின்றான் என்றே கூறவேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் அயல்தோட்டக்காரனுடையது. புகையிலை கூடாது என்றெண்ணி, குறைந்த வருவாயோடு மரக்கறி பயிரிட்டு வந்தவன் ஒருவன் வேலிக்கு அப்பால் இருக்கின்றான். அவனுக்கு மானியம் இல்லை. புகையிலை நட்டு உழைத்தவனுக்கு உண்டு. நல்லவனாக இருந்ததற்கு இதுவா பரிசு என அவன் கேட்பானாயின் என்ன விடை கூறுவது? கேட்கப்படும் பொருளின் தன்மையிலேதான் இதற்கு விடையுண்டு. தனியாளின் பையை நிரப்பும் மானியம் அயலவனுக்கு அநீதியாகும். குளிரறை, கூட்டுறவுச் சந்தை, விதை நிலையம், நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு எனப் பொதுவாக நின்று பயன்தரும் அமைப்புகளுக்காகக் கோரப்படும் மானியமோ அயலவனையும் தழுவிச் செல்லும். ஓர் ஊரின் விவசாயத்தைப் பன்முகப்படுத்தல் என்ற சொற்றொடரிலுள்ள 'ஊர்' என்பதன் பொருள் இதுவே. இத்தகைய விண்ணப்பத்தில் அந்த அயலவனின் கையொப்பமும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் மானத்தைப் பற்றியது. பிறர் பணத்திற் பழகியவன் தன்முயற்சியை இழப்பான் என்பர். இவ்வச்சத்தில் உண்மை உண்டு. இரவச்சம் என்னும் அதிகாரம் பேசுவதும் இதனையே. எனினும் எல்லா உதவியும் ஒரே தன்மையின அல்ல. கென்ரக்கியின் திட்டங்கள் பலவற்றில் செலவின் ஒரு பங்கைக் கமக்காரனும் இடவேண்டியிருந்தது. கென்யாவின் மிகோரி மாவட்டத்தில் 2022இல் ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் அரசும் சேர்ந்து தொடங்கிய திட்டமும் நோக்கத்தக்கது. அங்கே கம்பனிக் கடனிலிருந்து விடுபடக் கமக்காரருக்குச் சிறுகடன் கிடைத்தது. இரும்புச்சத்து மிகுந்த அவரையின விதை கிடைத்தது. விளைந்ததை உலக உணவுத் திட்டம் வாங்கிக்கொண்டது. கடனிலிருந்து விடுதலை, விதை, வாங்குவோர் என்னும் மூன்றும் ஒன்றுசேர்ந்தமையே அத்திட்டத்தின் சிறப்பு. இவற்றுள் எதுவும் உழைப்புக்குப் பதிலீடாக அமையவில்லை. உழைப்பு வீண்போகாதிருக்க வழிசெய்வனவாகவே அமைந்தன. தன்முயற்சியைப் பெருக்கும் உதவி மானத்தைக் குறைப்பதில்லை.

பணம் வரும் வழி

இனி, பணத்தின் ஊற்றைப் பற்றிய வினா எழுகின்றது. கென்ரக்கிக் கமக்காரர் பெற்ற மானியம் சிகரெட் விற்ற பணத்திலிருந்தே வந்தது. அதுமட்டுமன்றி, உடன்படிக்கையின்படி கம்பனிகள் செலுத்தும் தொகை சிகரெட் விற்பனையின் அளவோடு ஏறி இறங்குவது. புகைப்போர் குறையக் குறைய, புகையிலையிலிருந்து மீளும் முயற்சிக்கான நிதியும் குறைகின்றது. இவ்விசித்திரத்தைக் கண்டு, அத்தகைய பணத்தைத் தீண்டலாகாது என்று கூறுவோர் உளர்.

மறுபுறத்தில், 2017இல் பிலிப் மொறிஸ் சர்வதேசக் கம்பனியின் பணத்தைக் கொண்டு புகையற்ற உலகத்துக்கான மன்றம் என்ற பெயரில் ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. புகையிலையைச் சார்ந்து வாழும் மலாவி நாட்டில் கமக்காரர் வேறு பயிர்களுக்கு மாறுவதற்கான பணிகளுக்கும் அது நிதி வழங்கியது. அவ்வமைப்போடு தான் பங்காளியாகப் போவதில்லை என உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் அறிவித்ததோடு, அரசுகளும் விலகி நிற்கவேண்டும் என அறிவுறுத்தியது.

இரண்டிலும் பணம் புகையிலைக் கம்பனிகளுடையதே. ஒன்றை ஏற்கலாம், மற்றதை விலக்கவேண்டும் என்பதற்கு நியாயம் யாது? பணத்தின் பிறப்பிடத்தில் வேறுபாடு இல்லையாதலின், அதன்மீது செலுத்தப்படும் அதிகாரத்திலேதான் வேறுபாட்டைத் தேடவேண்டும். முதலாவது, வழக்காடி இணக்கத்தின் வழியே கறக்கப்பட்ட பணம்; அதை எவ்வாறு செலவிடுவது என்பதை மக்களின் பிரதிநிதிகள் சட்டத்தால் தீர்மானித்தனர். கொடுத்த கம்பனிக்கு அத்தீர்மானத்தில் பங்கில்லை. அதற்காக நன்றி கூறவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. இரண்டாவது, கொடுப்பவனின் விருப்பத்தாற் கொடுக்கப்பட்ட பணம். கொடுப்பவன் நினைத்தால் நிறுத்தலாம்; கொடுத்ததைத் தன் நற்பெயருக்கு விளம்பரமாக்கலாம்; பெற்றவனின் வாயைக் கூச்சத்தால் அடைக்கலாம். பெறுபவனை மௌனியாக்கும் பணமே கறைபட்ட பணம் என்று கொள்வதே பொருத்தமாகும்.

இவ்வளவுகோல் கம்பனிகளுக்கு மட்டும் உரியதன்று. வெளிநாட்டு உதவி நிறுவனமாயினும், புலம்பெயர்ந்தோர் சங்கமாயினும், அரசியல்வாதியின் கைவழி வரும் அரசாங்கப் பணமாயினும், கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இதைப் பெற்றபின் கமக்காரன் தன் மனத்திற் பட்டதைத் துணிந்து பேச முடியுமா?

விண்ணப்பத்தின் மொழி

மானியத்தைக் கேட்பதற்கு ஒரு மொழி தேவைப்படுகின்றது. அம்மொழி பெரும்பாலும் கமக்காரனுடையதாக இருப்பதில்லை. 'நோக்கங்கள்', 'பயனாளிகள்', 'எதிர்பார்க்கப்படும் விளைவுகள்' எனக் கட்டம் கட்டிய படிவத்தை நிரப்புவோர் படித்தவர்களே. அவர்களிற் பலர் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறியவர்கள். எனவே மானியத்தின் அறம் கேட்பவனோடும் கொடுப்பவனோடும் நின்றுவிடாது, இடையில் நின்று எழுதுபவனையும் பற்றிக்கொள்கின்றது.

இடைநின்று எழுதுபவனுக்கு இரண்டு சோதனைகள் உண்டு. கொடுப்போர் மனம் இரங்கவேண்டும் என்பதற்காகக் கமக்காரனை ஒன்றும் இயலாத பரிதாபத்துக்குரியவனாகச் சித்திரிக்கத் தூண்டும் சோதனை ஒன்று. அதற்கென நிதி கிடைக்கின்ற காலத்தில், அவனை மனந்திருந்திய பாவியாகச் சித்திரிக்கத் தூண்டுவது மற்றையது. இரண்டும் பொய். கிணற்றின் ஆழத்தையும் மண்ணின் குணத்தையும் சந்தையின் சூழ்ச்சியையும் அறிந்த ஒருவனை இயலாதவன் என்று எழுதுதல், அவனுக்குப் பணத்தைக் கொடுத்து மானத்தைப் பறிப்பதாகும். அவன் ஒருநாளும் கூறாத பச்சாத்தாபத்தை அவன் வாயில் வைத்தலும் அத்தகையதே. அவன் செய்தது இன்னது, அதனால் விளைந்தது இன்னது, மாறுவதற்கு இன்னின்ன வேண்டும், தன் பங்காக அவன் இடுவது இவ்வளவு, தவறக்கூடியவை இவை என்று உள்ளதை உள்ளவாறு எழுதும் விண்ணப்பமே அவனை நிமிர்ந்து நிற்க வைக்கும். அது நிதியைப் பெறாது போகலாம். அப்போதும் கேட்டவன் தன்னை இழந்துவிடான்.

இன்னுமொன்றும் உண்டு. விண்ணப்பத்தில் யாருடைய பெயர் இடம்பெறுகின்றது? 2004இல் அமெரிக்க அரசு புகையிலை அளவுப்பங்கு முறையை ஒழித்தபோது, பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் கோடி டொலரை ஈடாக வழங்க வகைசெய்தது. அளவுப்பங்கின் உரிமையாளருக்கு இறாத்தலுக்கு 7 டொலரும் பயிரிட்டவருக்கு 3 டொலரும் என அது பகிரப்பட்டது. இரண்டும் ஒருவரேயாயின் இரண்டையும் பெற்றார். நிலத்தில் இறங்காத உரிமையாளன் பயிரிட்டவனிலும் இருமடங்குக்கு மேல் பெற்றான். கூலிக்கு இலை முறித்தவனுக்கு அக்கணக்கில் இடமே இருக்கவில்லை. பணம் உழைப்பைத் தேடிச் செல்வதில்லை; பத்திரத்தைத் தேடிச் செல்கின்றது. குத்தகை நிலத்திற் பயிரிடுவோரும், நிலமே இல்லாது நாட்கூலிக்கு இலை முறித்தும் சுமந்தும் வாழ்ந்த ஆண்களும் பெண்களும் நிறைந்த எமது சமூகத்தில் இது இன்னும் கூர்மையான உண்மை. புகையிலை போனால் முதலில் வேலையிழப்பவர்கள் அவர்களே. காணியுறுதி இல்லாமையால், சாதியால், எழுத்தறிவின்மையால் விண்ணப்பப் படிவத்துக்கு வெளியே நிற்பவர்களும் அவர்களே. காணிச் சொந்தக்காரனின் நட்டத்தை மட்டும் கணக்கிட்டு அவர்களின் நட்டத்தை மறந்த மானியம், சமுதாயத்திடம் நீதி கேட்டுக்கொண்டே தன் முற்றத்தில் அநீதி செய்வதாகும். பிறரிடம் கேட்கும் உரிமையை ஒருவன் பெறுவது, தன்னிடம் கேட்க உரிமையுள்ளவர்களைத் தான் எவ்வாறு நடத்துகின்றான் என்பதைப் பொறுத்தது.

தமிழிலே 'கடன்' என்ற சொல் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளையும் செய்யவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கின்றது. புகையிலைக் கமக்காரருக்கும் சமுதாயத்துக்கும் இடையிலுள்ள உறவை விளக்க இச்சொல் போதுமானது. ஊக்குவித்துப் பயன்பெற்ற சமுதாயம் கமக்காரனுக்குக் கடன்பட்டுள்ளது. தீங்கான பயிரை அறிந்து நட்ட கமக்காரன் நோயுற்றவனுக்குக் கடன்பட்டுள்ளான். நிலத்தை உண்மையாக மாற்றுவதாலேயே அதனை அவன் தீர்க்கக்கூடும். அவனது தோட்டத்தில் உழைத்தவர்களுக்கும் அவன் கடன்பட்டுள்ளான். படிவத்தை எழுதிக் கொடுக்கும் படித்தவனோ, தன்னைப் படிக்க வைத்த மண்ணுக்குக் கடன்பட்டுள்ளான். அவர்களிற் பலரின் பள்ளிக் கட்டணம் ஒருகாலத்தில் அந்த இலையை விற்ற காசிலிருந்தே வந்தது. இக்கடன்கள் யாவும் ஏற்கப்பட்ட இடத்தில் மானியம் கேட்பவன் இரவலன் ஆகான். அவற்றுள் ஒன்றேனும் மறைக்கப்பட்ட இடத்தில், படிவம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருப்பினும், அவன் நெஞ்சில் இரவச்சம் எஞ்சியே நிற்கும், நிற்கவும் வேண்டும்.